பொங்கல் லீவு யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொங்கல் வேலைகளுக்கு நடுவில் நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

இந்த ஆண்டு தைப்பொங்கல் 15-ஆம் தேதி வியாழக்கிழமை. 16 மாட்டுப் பொங்கல், 17 காணும் பொங்கல், 18 ஞாயிறு. நான்கு நாள் விடுமுறை. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போன நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் நின்றுகொண்டும் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் காத்துக்கிடந்தும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். வந்து சேர்ந்த மறுநாளே பல வீடுகளில் ஒரு பஞ்சாயத்து தொடங்கும். "லீவுக்கு வந்தவங்க வீட்டுல இருக்காம எங்க சுத்தறாங்க?" என்பதுதான் அது.

கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆன இளம் தம்பதிகள் இப்போது லீவைத் திட்டம் போட்டுத்தான் செலவு செய்கிறார்கள். இத்தனை நாள் அவர் வீடு, இத்தனை நாள் இவள் வீடு, ஒரு நாள் மேட்ச், ஒரு நாள் மலை என்று. பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "சொந்தம்னா கணக்குப் போட்டா வருவாங்க?" என்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு நல்ல கணக்கு. உறவு, விளையாட்டு, ஊர் பார்த்தல் மூன்றும் ஒரு லீவில் இருக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. ஒருவருடைய லீவு இன்னொருவருக்கு வேலைச்சுமையாக முடியக் கூடாது. அடுப்படியிலும் சரி, கபடிக் களத்திலும் சரி, கல்வராயன் மலையிலும் சரி.

ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் இந்தப் பஞ்சாயத்து என் வீட்டு வாசலுக்கே வந்தது.

2025 பொங்கல் உங்களுக்கு நினைவிருக்கும். அரசு ஜனவரி 17-ஐயும் விடுமுறையாக அறிவித்ததால் 14 முதல் 19 வரை சேர்ந்தாற்போல் 6 நாட்கள் கிடைத்தன. சங்கராபுரம் பக்கத்து ஊரைச் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன் சென்னையில் வேலை பார்க்கிறான். மனைவிக்கும் அங்கேயே வேலை. அந்தப் பெண்ணுக்கு ஊர் மணலூர்பேட்டை பக்கம். இருவரும் உட்கார்ந்து போட்ட திட்டம் இது: 14, 15 தேதிகளில் அவன் வீடு. 15 சாயங்காலம் பக்கத்து ஊரில் கபடிப் போட்டி. 16 காலை கிளம்பி கல்வராயன் மலை, வெள்ளிமலையில் ஒரு ராத்திரி தங்கல். 17 மதியம் இறங்கி, போகிற வழியில் திருக்கோவிலூர் பார்த்துவிட்டு அவள் அம்மா வீடு. 18 மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. 19 சென்னை.

பையனுடைய அம்மா 12-ஆம் தேதியே என்னிடம் வந்துவிட்டார். "டீச்சர், அவன் நீங்க சொன்னா கேப்பான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் சொன்ன குறைகள் நான்கு. ஒன்று, காணும் பொங்கல் அன்றைக்குப் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்காமல் மலைக்குப் போகிறார்கள். இரண்டு, மருமகள் ராத்திரியில் கபடி பார்க்கப் போவதை ஊர் என்ன சொல்லும். மூன்று, போவதுதான் போகிறார்கள், ஊட்டி, கொடைக்கானல் என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், கல்வராயன் மலையில் என்ன இருக்கிறது. நான்கு, பொங்கலும் அதுவுமாக மருமகளுக்கு அம்மா வீட்டில் இரண்டு நாள் எதற்கு.

இந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இவை அந்த அம்மாவின் குறைகள் மட்டுமல்ல. நம் தெருவில் பாதி வீடுகளில் இதே பேச்சுதான்.

முதலில் காணும் பொங்கல். பெயரே காணும் பொங்கல். எதைக் காண்பது? உறவினரைக் காண்பது, ஊர் விளையாட்டைக் காண்பது, ஆற்றங்கரை, அணைக்கட்டு, கோயில் குளம் போய்க் காண்பது. இந்த மூன்றையும் ஒரே பண்டிகையில் முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். சென்னைக்காரர்கள் மெரினாவுக்குப் போவார்கள். நம் பக்கத்தில் கோமுகி அணைக்குப் போவோம், மணிமுக்தா அணைக்குப் போவோம். உறியடி, வழுக்கு மரம், கபடி, கோலப்போட்டி இல்லாத தைப்பொங்கல் நம் கிராமங்களில் உண்டா? ஆத்தூர் பக்கம் கூலமேடு ஜல்லிக்கட்டு பார்க்கச் சின்னசேலத்திலிருந்து வேனில் போகிறவர்களைத் தெரியாதவர்கள் யார்?

இன்னும் ஒரு படி மேலே சொல்கிறேன். தை 5-ஆம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. அன்றைக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே கோயிலை விட்டுக் கிளம்பி மணலூர்பேட்டை வரைக்கும் வந்து தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். வழியில் உள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் வரவேற்கிறார்கள். சாமியே ஊர் பார்த்து, உறவு பார்த்து, ஆற்றில் குளித்துவிட்டுப் போகிற மாவட்டம் இது. நம் பிள்ளைகள் இரண்டு நாள் வெளியே போனால் பண்பாடு கெட்டுவிடும் என்று சொன்னால் எப்படி?

ஆசி வாங்குவது பற்றி. 14-ஆம் தேதி பொங்கல் பொங்கியதும் வாங்கலாம், 15-ஆம் தேதி வாங்கலாம், 16 காலை கிளம்பும் முன்பும் வாங்கலாம். ஆசிக்குத் தேதி கிடையாது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவர் உடனே ஒத்துக்கொண்டார். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையான காரணம் வேறு ஏதோ இருக்கிறது.

"காணும் பொங்கலுக்கு உங்க வீட்டுக்கு எத்தன பேரு வருவாங்க?" என்று கேட்டேன்.

"நாத்தனார் குடும்பம், பெரிய மாமனார் பசங்க... ஒரு பதினெட்டு பேரு வரும்."

"சமைக்கிறது யாரு?"

"நானும் மருமகளும்தான்."

அங்கேதான் விஷயம் இருந்தது. மருமகள் மலைக்குப் போய்விட்டால் பதினெட்டு பேருக்குக் கறிக்குழம்பு வைக்க இவர் ஒருவர்தான். அவருடைய பயம் நியாயமானது. 56 வயது, முட்டி வலி. ஆனால் அதற்கு மருமகளைப் பிடித்துவைப்பது தீர்வாகுமா? அந்த வீட்டில் அன்றைக்குக் கணவர், இரண்டு மகன்கள், மைத்துனர்கள் என்று கை கால் திடமாக இருந்த ஆண்கள் குறைந்தது எட்டுப் பேர். அவர்கள் பெயர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. ஒன்றிய அரசு 2024-ல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதாவது பெண்களுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம், ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரம். இது ஆண்டு முழுவதற்குமான சராசரி. பொங்கல், தீபாவளி நாட்களுக்குத் தனியாகக் கணக்கெடுத்தால் என்ன வரும் என்று உங்கள் வீட்டை வைத்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் 6 நாள் லீவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற மருமகள், இங்கே வந்து காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிப்பதில் தொடங்கி ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கவிழ்ப்பது வரை வேலை பார்க்கிறாள். அதே லீவில் வந்த மகன் பத்து மணி வரைக்கும் தூங்கலாம். "பாவம், ஆபீஸ்ல ஒரே வேல" என்போம். அவளுக்கும் அதே ஊரில் ஆபீஸ்தானே?

விருந்தோம்பலைத் திருவள்ளுவர் இல்லறவியலில் ஒரு முழு அதிகாரமாக வைத்திருக்கிறார். பத்துக் குறள்களையும் வகுப்பில் ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறோம். இல்லறம் இருவருக்கும் பொது. விருந்தோம்பல் மட்டும் எப்படி ஒருத்திக்கு மட்டும் உரியதாகப் போனது?

அந்த அம்மாவிடம் நான் கடைசியாகக் கேட்டது இதுதான்: "நீங்க கல்யாணமாகி வந்து முப்பத்தஞ்சு வருஷம் இருக்குமே. ஒரு பொங்கலாவது உங்க அம்மா வீட்டுல இருந்திருக்கீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு யாரு டீச்சர் அப்படிக் கேட்டாங்க?" என்றார். "அண்ணன் சீர் கொண்டாந்து குடுத்துட்டு, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயிடும். அம்மா செத்த வருஷத்துப் பொங்கலுக்கும் நான் இங்கதான் பொங்க வெச்சேன்."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான்.

நம்மிடம் பொங்கல் சீர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து பானை, கரும்பு, அரிசி, வெல்லம், புடவை எல்லாம் பெண்ணின் வீட்டுக்கு வரும். பாசமான வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் சீர் பயணம் செய்கிறது, பெண் பயணம் செய்வதில்லை. கல்யாணமான முதல் வருடம் தலைப்பொங்கலோடு சரி. அதன் பிறகு மாமியார் வீட்டு அடுப்பு அவளுடையது. அவளைப் பெற்றவர்கள் டிவியில் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டு பொங்கலைக் கழிக்க வேண்டும். ஒரே பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். இன்றைக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று ஆகிவிட்ட காலத்தில், பெண்ணை மட்டும் பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்கள் வீட்டு வாசலில் யார் கோலம் போடுவது?

அதனால் அவன் வீட்டில் இரண்டு நாள் என்றால் அவள் வீட்டிலும் இரண்டு நாள் என்பது நியாயமான கணக்கு. ஒரு வருடம் தைப்பொங்கல் இங்கே, மறு வருடம் அங்கே என்று மாற்றிக்கொண்டாலும் நல்லதுதான். மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போனால் கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்காரக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அங்கேயும் ஒரு வயதான அம்மா அடுப்படியில் நிற்கிறார்.

அடுத்தது கபடி. இதில் ஒரு செய்தி இருக்கிறது. போட்டிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது என் மாணவன் இல்லை. அவன் மனைவிதான். அந்தப் பெண் பள்ளிக்கூட நாட்களில் மாவட்ட அளவில் கபடி ஆடியவள். இடது மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்தால் ரெய்டுக்கு வந்தவர் தப்ப முடியாதாம். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஏன் நின்றது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-ல் வந்தது. பெண்கள் கபடி வர 2010 ஆயிற்று. இருபது ஆண்டு இடைவெளி. வந்த முதல் முறையே நம் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். கடந்த அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது அதில் நம் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். டிவியில் பார்த்து நாம் எல்லோரும் கைதட்டினோம். முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார். ஆனால் நம் ஊர்க் கபடிக் களத்தில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? மாடியில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் வீட்டில் ஆட்டக்காரர்களுக்குச் சோறு வடிக்கிறார்கள்.

கபடிப் போட்டி நடத்துகிற இளைஞர் மன்றத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பை எவ்வளவு உயரம், நோட்டீஸில் யார் படம் என்பதோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் உட்கார ஒரு பக்கம் நாற்காலி போடுங்கள், பக்கத்திலேயே கழிப்பறைக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் பள்ளி மாணவிகளை வைத்து ஒரே ஒரு காட்சி ஆட்டம் நடத்துங்கள். மருமகள் கபடி பார்க்கப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு, இருபது மருமகள்கள் போனால் ஊர் ஒன்றும் சொல்லாது என்பதுதான் பதில்.

கிரிக்கெட் பிடித்தவர்களுக்கும் நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது. வாழப்பாடி அருகே 2020-ல் திறந்த சேலம் கிரிக்கெட் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. சின்னசேலம், ஆத்தூர் வழியாகப் போனால் நமக்குப் பக்கம்தான். பொங்கலில் இல்லை, ஜூன், ஜூலை வாக்கில் வரும். அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மலைக்கு வருவோம். "கல்வராயன் மலையில் என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. அங்கிருந்து ஏற்றம் தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. மேலே 2,000 அடியிலிருந்து 3,000 அடி வரை மேட்டு நிலம் விரிந்து கிடக்கிறது. மரவள்ளி, சாமை, கடுக்காய், தேன் எல்லாம் அங்கே உண்டு. பெரியார் அருவி, மேகம் அருவி என்று அருவிகள் உண்டு. மே மாதம் போய்விட்டுத் தண்ணீரே இல்லை என்று திட்டுகிறவர்கள் அதிகம். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதம்தான் மலை பச்சையாகவும் குளிராகவும் இருக்கும். ஊட்டிக்குப் போய் வரும் செலவில் நான்கில் ஒரு பங்கு போதும். வெள்ளிமலைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்தே பஸ் இருக்கிறது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "அந்த மலையா? சாராய மலையாச்சே." 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் இந்த ஊரில் இருந்த யாரும் அதை மறக்க முடியாது. ஆனால் அந்த உயிர்களைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலை ரசாயனம், மலையில் விளைகிற பொருள் இல்லை. யாரோ சிலர் செய்த குற்றத்தை ஒரு மலை முழுவதன் மேலும் ஏற்றி வைக்கக் கூடாது.

அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்துத்தான் அரசு நேரடியாக ஏற்றது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அவர்களுக்குத் தாமதமாகவே வந்தன. கருணாபுரம் துயரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்தது. சமூக அறிவியல் பாடத்தில் பழங்குடி மக்கள் என்று நாம் படித்தது யாரையோ பற்றி இல்லை. முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருப்பவர்களைப் பற்றி.

அங்கே போகிறவர்கள் விருந்தாளியாகப் போக வேண்டும். அருவிக்குப் பக்கத்தில் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு வருவது யாருக்கு வேலை வைக்கிறது? மறுநாள் செருப்பில்லாமல் அதே பாதையில் ஆடு ஓட்டிக்கொண்டு போகும் பிள்ளைக்கு. பிரியாணிப் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் தட்டையும் எறிந்துவிட்டு வந்தால் அதைப் பொறுக்குவது யார்? வீட்டில் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போகிறவர்தான் மலையிலும் அதையே செய்கிறார். பழக்கம் ஒன்றுதான், இடம்தான் வேறு.

ஆகவே போகிறவர்கள் அங்கேயே டீ குடியுங்கள், அங்கே விற்கும் தேனையும் சாமையையும் பேரம் பேசாமல் வாங்குங்கள், வீட்டு வாசலில் நிற்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குப்பையைக் கீழே கொண்டு வாருங்கள். அருவிக்குத் தடை என்று வனத்துறை சொன்னால் தடைதான். பாறை வழுக்கினால் சொந்தக்காரர்கள் மறு பொங்கல் கொண்டாட முடியாது.

ஏன் மலை வேண்டும் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. அம்மா வீட்டில் அவன் மகன். மாமியார் வீட்டில் அவன் மாப்பிள்ளை. அவளும் அப்படித்தான், ஒரு வீட்டில் மகள், ஒரு வீட்டில் மருமகள். சென்னையில் இருவரும் இரண்டு கம்பெனிக்கு வேலையாட்கள். கணவன் மனைவியாக இருப்பதற்கு வருடத்தில் ஒரு நாள் வேண்டாமா? கோமுகி அணைக் கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேசினால் தீருகிற சண்டைகள் பல இருக்கின்றன. வகுப்பில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன், அப்பா அம்மா நிம்மதியாக இருக்கும் வீட்டுப் பிள்ளையின் முகமே தனி.

பெரியவர்களின் வருத்தத்தையும் நான் தள்ளிவிடவில்லை. வருடத்தில் பத்து நாள்தான் மகன் முகத்தைப் பார்க்கிறோம், அதிலும் பங்கு கேட்டால் வலிக்கத்தான் செய்யும். என் வயதுக்காரர்களுக்குத் தனிமைதான் பெரிய நோய். அதற்கு மருந்து, வந்த நாட்களில் பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவது. ஆறு நாளும் வீட்டில் இருந்து ஆளுக்கொரு மூலையில் ரீல்ஸ் பார்ப்பதைவிட, இரண்டு நாள் இருந்து அப்பாவோடு வயலுக்குப் போய், அம்மாவோடு சந்தைக்குப் போய் வந்தால் அது மேல். பிள்ளைகளே, இது உங்களுக்கான பாடம். திட்டத்தில் மேட்சும் மலையும் நேரம் குறித்து இருக்கிற மாதிரி, அப்பா அம்மாவுக்கும் நேரம் குறித்து வையுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு நான் சொல்வது ஐந்து விஷயம்.

1. திட்டத்தை இருவரும் சேர்ந்து போடுங்கள். போட்டதும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குக் கடைசி நிமிடத்தில் தெரிந்தால்தான் சண்டை.

2. இரண்டு வீட்டுக்கும் சம நாட்கள்.

3. விருந்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணும்போதே, வேலைக்கு எத்தனை கை இருக்கிறது என்றும் எண்ணுங்கள். அந்தக் கணக்கில் ஆண்களின் கையையும் சேருங்கள். வெங்காயம் உரிக்க, தேங்காய் துருவ, இலை போட, பாத்திரம் தேய்க்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

4. வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும், மாமியார் உட்பட, லீவில் ஒரு முழு நாள் அடுப்படி பக்கம் வேலை இல்லை என்று வையுங்கள். அன்றைக்கு ஆண்கள் சமைக்கட்டும், வராவிட்டால் கடையில் வாங்கட்டும்.

5. மலைக்கும் ஆற்றுக்கும் போகிறவர்கள், போன இடத்தில் யாருக்கும் வேலை வைக்காமல் திரும்புங்கள். இந்த முறை ஆற்றுத் திருவிழா 19-ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறது. ஒரு நாள் கூடுதலாக லீவு போட முடிந்தவர்கள் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். சுருளிக் கிழங்கு வாங்க மறக்காதீர்கள்.

போன வருடம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. தம்பதி திட்டப்படி மலைக்குப் போனார்கள். 16-ஆம் தேதி சமையலுக்குப் பக்கத்து ஊர்ச் சமையல்காரர் ஒருவரைப் பிடித்து, செலவை மகன்கள் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். பாத்திரம் தேய்க்க மாமனார் உட்கார்ந்தாராம், பாதியில் இடுப்பு பிடித்து எழுந்துவிட்டாராம். அதுவரை தேய்த்ததே பெரிது. கபடிக்கு மருமகளோடு தெருப் பெண்கள் நான்கு பேர் போனார்கள்.

போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். இந்த ஆண்டு காணும் பொங்கலுக்கு அவர் தியாகதுருகம் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போகிறாராம். கல்யாணமாகி முதல் முறை. "சீர் நான் எடுத்துக்கிட்டுப் போறேன் டீச்சர்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டில் இந்த நான்கு நாளில் யாருக்கெல்லாம் லீவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெயர் விட்டுப்போனவர் யார் என்று கீழே கருத்தில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள், படித்துப் பதில் போடுகிறேன்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.